நாய்க்கென ஓர் ஆளி

வீட்டுச் சுவரிலுள்ள மின்னாளி மனித விரலுக்கென்றே அமைந்தது. விரல் அசையாதவருக்கு அது எட்டாப் பொருள். 1975இல் கலிபோர்னியாவின் சாந்தா ரோசாவில், உடல் இயலாதோருக்குத் துணைபுரிய நாய்களைப் பழக்கும் அமைப்பொன்றைப் பொனி பேர்ஜின் தொடங்கினார். இத்தகைய நாய்கள் விளக்கேற்றவும் கதவு திறக்கவும் கற்றன. ஆனால் ஆளிகள் மாறவில்லை. நாயே அவற்றுக்கேற்ப வளைந்துகொடுக்க வேண்டியிருந்தது.

1989இல் வெளியான நெய்ட்ஸ் குழுவினரின் ஆய்வு, நாயின் நிறப்பார்வை இருவகைக் கூம்புக் கலங்களை மட்டுமே சார்ந்தது எனக் காட்டியது. நீலமும் மஞ்சளும் அதற்குத் தெளிவு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிதல் அரிது. நாமோ அபாயப் பொத்தானுக்குப் பெரும்பாலும் சிவப்பையே பூசிவந்தோம்.

விலங்கையும் பயனாளராகக் கொண்டே கருவிகளை வடிவமைக்க வேண்டும் என்று 2011இல் பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தின் கிளாரா மன்சினி அறிக்கை வரைந்தார். அங்கு நாய்கள் மூக்கால் அழுத்தத்தக்க பெரிய நீலப் பொத்தான்கள் உருவாயின.

இதன் தத்துவம் எளிது, வீட்டிலும் செய்யலாம். மூக்கு உயரத்தில் அகன்ற நீலத் தட்டு, அதன்பின் சிற்றாளி, மின்கலம், ரிலே. ஈரமூக்கை வீட்டு மின்சாரம் தீண்டலாகாது. ஆகவே மின்கலச் சுற்று ரிலேயை இயக்க, ரிலே விளக்கையோ அழைப்புமணியையோ இயக்கும். அழுத்தியதும் எழும் ஒலி, வேலை முடிந்ததென்று நாய்க்கு உணர்த்தும்.

நள்ளிரவில் தரையில் வீழ்ந்து எழ முடியாதவருக்கு, அயலவரை எழுப்பும் வழி அந்தத் தட்டு ஒன்றே ஆகலாம்.