மாமா கேட்ட ஹைட்ரேட்

லீவுக்கு ஊருக்குப் போனால், கொழிஞ்சாம்பாறை மாமாவுக்குப் பதில் சொன்ன பிறகுதான் சாப்பாடு. இந்தத் தடவை கேள்வி இது: "ஏன் மாப்ள, கடலுக்கடியில ஐஸ்கட்டிக்குள்ள கேஸ் இருக்குதாமா, அதை எடுத்துட்டு கார்பன் டை ஆக்சைடை உள்ள வெச்சுப் பூட்டலாமாமா. நம்ம கேரளாக் கடல்ல உண்டா?"

தேடிப் பார்த்தாச்சு மாமா என்றேன். 2006இல் 'ஜாய்டஸ் ரெசல்யூஷன்' கப்பல் இந்தியக் கடல்களில் 21 இடங்களில் துளையிட்டது. முதல் இடமே கேரளா-கொங்கண் படுகை. பெயரில்தான் கேரளா, துளை விழுந்தது கோவாவுக்கு மேற்கே! ஹைட்ரேட் இல்லை. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் சுமார் 130 மீட்டர் கனத்துக்கு அகப்பட்டது.

பூட்டும் வேலையை 2012இல் அலாஸ்காவின் இக்னிக் சிகுமி கிணற்றில் செய்து பார்த்தார்கள். அது கடல்கூட இல்லை, உறைநிலம். கார்பன் டை ஆக்சைடை மட்டும் செலுத்தினால் அங்கிருக்கும் தண்ணீரோடு சேர்ந்து உறைந்து வழியை அடைத்துவிடும் என்று நைட்ரஜனையும் கலந்தார்கள். மீத்தேன் வந்தது. கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கு மேல் உள்ளேயே தங்கியது. ஆனால் வந்த மீத்தேனில் எவ்வளவு இடம் மாறி வந்தது, எவ்வளவு அழுத்தம் குறைந்ததால் வந்தது என்று பிரிப்பதுதான் சிக்கல்.

மாமா அலாஸ்காவைக் கண்டுகொள்ளவே இல்லை. "ஒரு போர்ல தண்ணி இல்லீன்னா விட்டுருவாங்களா? எனக்கு நாலாவதுலதான் வந்துச்சு."

சாப்பிட உட்கார்ந்தேன்.