கும்பிடுபூச்சிக் குத்துவரிசையும் அதன் பாட வேறுபாடுகளும்

முன்கால்கள் இரண்டையும் கூப்பி அசையாது நிற்கும் பூச்சியொன்றைக் கண்ட தமிழர் அதற்குக் 'கும்பிடுபூச்சி' எனப் பெயரிட்டனர். அவர்தம் கண்ணுக்கு அது வழிபாடாகத் தோன்றியது. சீனரோ அதே கால்களில் படைக்கலத்தைக் கண்டனர். ஓடிவரும் தேரின் முன் கைகளை உயர்த்தி நின்று அதனைத் தடுக்க முனைந்த கும்பிடுபூச்சியின் உவமை 'சுவாங் சூ' என்னும் பழஞ்சீன நூலில் இடம்பெற்றுள்ளது. தன் வலிமை அறியாதாரின் பேதைமையைச் சுட்ட எழுந்த உவமை அது. ஆயினும், பிற்காலத்தே வடசீனத்துப் போர்க்கலையொன்று அப்பூச்சியின் பெயரையே தாங்கிப் புகழ்பெற்றது. 'தாங் லாங்' எனப்படும் அக்கலையின் வரலாறு, வாய்மொழியாகவும் மெய்ப்பயிற்சியாகவும் காக்கப்படும் கல்வி எதற்கும் பொருந்தும் பாடம் ஒன்றை உணர்த்துவதாகும்.

கதையும் வரலாறும்

இக்கலையைத் தோற்றுவித்தவர் ஷான்டோங் மாநிலத்து வாங் லாங் என்பது மரபு. போட்டியில் தோற்று வருந்தியிருந்த அவர், கும்பிடுபூச்சியொன்று சில்வண்டைப் பற்றி மடக்கிய திறம் கண்டு கைமுறைகளை வகுத்தார் என்றும், குரங்கின் கால்நடையை அவற்றோடு இணைத்தார் என்றும் கூறுவர். அவர் வாழ்ந்த காலத்தைச் சிலர் சோங் அரசர் காலம் என்பர். சிலர் மிங் அரசு வீழ்ந்த 1644ஐ ஒட்டிய காலம் என்பர். இவ்விரண்டிற்கும் இடையே சில நூற்றாண்டுகள் உள்ளன. அவர் பெயரை எழுதும் முறையும் ஒன்றன்று. ஒருவகை எழுத்தில் அது 'வாங் குடியைச் சேர்ந்த இளைஞன்' என்ற பொருளையே தருகின்றது.

வேறு சில கதைகள் வாங் லாங்கைச் சாவோலின் மடத்தோடு இணைக்கும். அம்மடத்துப் போர்க்கலையைக் காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே தொடங்கினார் என்ற பேச்சு தமிழரிடையேயும் உண்டு. சீன வரலாற்றறிஞர் தாங் ஹாவ் 1930இல் வெளியிட்ட ஆய்வில், அதற்குப் பழஞ்சான்று இல்லை எனக் காட்டினார். பெருமை தரும் கதையாயினும் சான்றின்றேல் வரலாறு ஆகாது என்பது அனைவர்க்கும் ஒக்கும் விதியாகும்.

தெளிவான தலைமுறை வரலாறு லாய்யாங் பகுதியில் தொடங்குகின்றது. லீ பிங்சியாவ், அவர் மாணவர் ஜாவ் ஜூ, அவர் மாணவர் லியாங் சுவேசியாங் (1810–1895) என்பது அவ்வரிசை. லியாங் சுவேசியாங் கைப்பட எழுதிய சுவடிகளை விட்டுச் சென்றார். அவை அசைவுகளின் பெயர்களை முறையே குறிப்பன. செய்முறையை விரித்துரைப்பன அல்ல. ஆசான் காட்டியதை மறவாதிருக்கவே அவை உதவும். கற்றவன் கையில் அவை விளக்கு. கல்லாதவன் கையில் வெறுந்தாள்.

கிளைகள் பல

லியாங்கின் மாணவருள் ஜியாங் ஹுவாலோங் வழியே 'மெய்ஹுவா' எனப்படும் பிளம் மலர்க் கிளை பரவிற்று. யந்தாய் நகரில் ஃபான் சூடோங் வழியே 'ஏழு விண்மீன்' கிளை வளர்ந்தது. இவையன்றி 'எட்டு அடி', 'ஆறு இயைபு' முதலிய கிளைகளும் தோன்றின.

இவற்றுள் ஒவ்வொன்றும் தன் அறிவை 'தாவ்லு' என்னும் வரிசைகளில் பொதிந்து வைத்தது. வரிசை என்பது தாக்குதல், தடுத்தல், பிடித்தல், அடியெடுத்தல் ஆகிய பல அசைவுகளை மாறாத ஒழுங்கில் கோத்த கோவை. தமிழரின் குத்துவரிசையும் சிலம்ப வரிசையும் இத்தன்மையவே. எழுத்தறியாதவனும் தன் உடலில் சுமந்து செல்லத்தக்க நூல் என அதனைக் கூறலாம்.

'பெங் பு', 'லான் ஜியே', 'பா சோவ்' என்பன பல கிளைகளிலும் போற்றப்படும் பழைய வரிசைகள். பா சோவ் என்றால் 'எட்டு முழங்கை'. 'சாரம்' என்று பொருள்படும் 'சாய் யாவ்' பல பகுதிகளைக் கொண்டது. அதனைத் தொகுத்தவர் லியாங் சுவேசியாங் என்பது மரபு.

ஒப்பிடும் முறை

ஒரே பெயருடைய வரிசையை இரு கிளையார் செய்யக் காண்பவர் வியப்படைவர். ஒருவர் தாழ்ந்து அகன்று நிற்பார். மற்றவர் நிமிர்ந்து குறுகி நிற்பார். ஒருவர் மும்முறை செய்வதை மற்றவர் ஒருமுறையே செய்வார். ஓரசைவு ஒருவரிடம் இருக்கும், மற்றவரிடம் இராது. 'எது சரி?' என்பதே உடன் எழும் வினா. ஆனால், பயன்தரும் வினா அதுவன்று. 'இவ்வேறுபாடு எவ்வாறு உண்டாயிற்று?' என்பதே கேட்கத்தக்கது.

பழைய ஏடுகளைப் பதிப்பித்தோர் கையாண்ட முறை இங்கும் பொருந்தும். பல ஊர்களிலிருந்து வந்த ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தவாறே, வரிசைகளையும் ஒப்பிடலாம். நெடுங்காலம் தொடர்பின்றிப் பிரிந்திருந்த இரு கிளைகளிலும் ஓரசைவு ஒத்திருப்பின், அது பிரிவுக்கு முற்பட்டதாதல் கூடும். ஒரு கிளையில் மட்டும் இருப்பது பிற்சேர்க்கையாகலாம். ஏனையோர் இழந்துவிட்ட பழமையாகவும் இருக்கலாம். ஆகவே விரைந்து தீர்ப்பளித்தல் தகாது.

பெயர்களிலும் பாடபேதம் உண்டு. 'பெங் பு' என்பதன் முதற்சொல்லைச் சிலர் 'தகர்த்தல்' என்னும் பொருள்பட எழுதுவர். சிலர் ஒலியில் நெருங்கிய வேறோர் எழுத்தால் 'துள்ளல்' என்னும் பொருள்பட எழுதுவர். 'மறித்தல்' என்று பொருள்படும் 'லான் ஜியே' வேறு சிலரிடம் 'லுவான் ஜியே' ஆகின்றது. அதற்குப் 'ஒழுங்கின்றிக் கலந்து இணைதல்' என்பது பொருள். செவிவழி வந்த சொல்லை எழுத்தில் இட்டபோது விளைந்த மாற்றங்கள் இவை எனல் பொருந்தும்.

பொருள் அறிய மற்றொரு துணையும் உண்டு. இக்கலைக்குப் பன்னிரு திறவுச்சொற்கள் கூறப்படும். அவற்றுள் முதல் மூன்றும் கொக்கியிடல், வாரிப் பிடித்தல், பறித்தல் என்பன. ஒரு கை எதிரியின் மணிக்கட்டைக் கொக்கிபோல் வளைக்கும். மறுகை அவன் முழங்கையருகே வாரிப் பிடிக்கும். பின் பறித்திழுக்க அவன் நிலைகுலைவான். அக்கணமே குத்து விழும். தனியே ஆடுங்கால் இவ்விழுப்பு மெல்லத் தேய்ந்து வெறும் கையழகாய் மாறிவிடுதல் எளிது. இருவர் எதிரெதிர் நின்று அதே வரிசையைச் செய்யும் பயிற்சியில் அப்பிழை ஒளிந்திருக்க முடியாது. பிடித்த கை உண்மையில் இழுக்கிறதா என்பதை எதிரே நிற்பவன் உடலே சொல்லிவிடும். தனி வரிசை மூலம் எனின், இருவர் பயிற்சி அதன் உரை எனலாம்.

பெயர் ஒன்றாயிருத்தல் மட்டும் உறவுக்குச் சான்றாகாது. 'ஆறு இயைபு'க் கிளையும் தாங் லாங் என்றே வழங்கும். ஆயினும் அதன் வரிசைகள் வேறு. பெங் பு அதில் இல்லை. தென்சீனத்து ஹக்கா மக்களிடையே வழங்கும் தென் கும்பிடுபூச்சிக் கலையோ வடசீனக் கலையினின்று முற்றும் வேறானது. குறுகிய தூரத்து விசையையும் மடித்த விரல்முனைக் குத்தையும் அடிப்படையாகக் கொண்ட அதனை ஷான்டோங் வரிசைகளோடு ஒப்பிட்டுப் பழமை தேடுதல், வேறு நூலின் ஏட்டைப் பாடபேதம் என மயங்குதலை ஒக்கும்.

தென்கடலுக்கு வந்த கிளை

1910இல் ஷாங்காயில் தோன்றிய சின்வூ கழகம் இக்கல்வியின் போக்கையே மாற்றியது. வீட்டு முற்றத்தில் சிலர்க்கு மட்டும் கற்பிக்கப்பட்ட கலை பொது வகுப்பறைக்கு வந்தது. பத்து அடிப்படை வரிசைகளை மாணவர் அனைவர்க்கும் பொதுவாக்கிய அக்கழகம், பல மரபினரின் கலைகளையும் ஒரு கூரையின்கீழ்க் கற்பித்தது. 1919இல் அங்கு ஆசிரியரானவர் ஃபான் சூடோங்கின் மாணவர் லுவோ குவாங்யூ (1889–1944). பின்னர் அவர் ஹாங்காங்கிலும் கற்பித்தார். அவர் மாணவர் ஹுவாங் ஹான்சுன் பல வரிசைகளைத் தனித்தனி நூல்களாக வெளியிட்டார்.

1920இல் சின்வூ தூதர் ஐவர் தென்கிழக்காசியாவுக்கு வந்தனர். அதனையொட்டிச் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் கழகக் கிளைகள் எழுந்தன. சிங்கப்பூரில் கற்பித்த வெய் யுவான்ஃபெங், ஃபான் சூடோங்கின் மற்றொரு மாணவராகிய லின் ஜிங்ஷானிடம் பயின்றவர். எனவே ஹாங்காங் வழியும் சிங்கப்பூர் வழியும் ஒரே ஆசானிடமிருந்து பிரிந்த இரு கால்வாய்கள். இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு, ஃபான் சூடோங் கற்பித்தது யாது என்பதை ஓரளவு உய்த்துணர வழி பிறக்கும். ஒன்று மறைந்தால் மற்றது தனிச் சாட்சியாகிவிடும்.

காக்க வேண்டுவது எது?

2008இல் சீன அரசு தாங் லாங் கலையைத் தேசிய மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. இது மகிழத்தக்கதே. ஆயினும் போட்டி மேடைகள் பெருகுங்கால் ஒரே அளவுகோல் தேவைப்படுகின்றது. அளவுகோலுக்கு ஒத்தது 'சரி' ஆகவும், ஒவ்வாதது 'பிழை' ஆகவும் கருதப்படும் நிலை வருமாயின், கிளைகளுக்கு இடையேயான வேறுபாடுகள் மறையும். அவற்றோடு வரலாற்றுச் சான்றும் மறையும். பாடபேதங்களை நீக்கி ஒரே பாடத்தை அச்சிட்ட பின் ஏடுகளை எரித்துவிடுதற்கு அது நிகராம்.

இதனாற்றான் நல்லாசிரியர் இரண்டை வலியுறுத்துவர். மாணவன் முதலில் ஒரு கிளையின் வரிசையை ஐயமறக் கற்க வேண்டும். ஒன்றிலும் ஊன்றாதவன் இரண்டை ஒப்பிட இயலாது. பின்னர்ப் பிறர் வரிசையைக் காணுங்கால் அதனைத் தன்னதற்கேற்பத் திருத்தாது, இன்ன ஆசான் இவ்வாறு கற்பித்தார் எனப் பெயருடன் குறித்து வைக்க வேண்டும். வாங் லாங் என்றொருவர் வாழ்ந்தாரா என்பது ஒருகால் விளங்காமலே போகலாம். ஆனால் இருநூறு ஆண்டுகளாகத் தலைமுறைதோறும் ஆசிரியர் மாணவர்க்கு அளித்தது இன்றும் மனிதர் கைகளில் உயிருடன் உள்ளது. அதன் வேறுபாடுகளையும் வேறுபாடுகளாகவே வழங்கிச் செல்வதே அக்கல்விக்குச் செய்யும் கடனாகும்.