முன்னுதாரணம் இல்லாத கோப்பு

மாமல்லபுரத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை வரும். அதை ஒட்டியது கல்பாக்கம். அங்கே வேலிக்குள் நடந்த ஒரு கதை, செங்கல்பட்டுக்காரர்களான நம்மிலேயே பலருக்குத் தெரியாது. அணு உலை நல்லதா கெட்டதா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. வேலை செய்கிறவனுக்குப் புதிதாக யோசிக்கும் துணிவு எப்போது வருகிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

1969-ல் நம் அணுசக்தித் துறை பிரான்சோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. தெற்குப் பிரான்சில் கதராஷ் என்ற இடத்தில் ‘ராப்ஸோதி’ என்ற சோதனை உலை ஓடிக்கொண்டிருந்தது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தப் பெயரின் சூட்சுமம் எனக்குப் பிடிக்கும். வேகத்தைக் குறிக்கும் ‘ராப்பீத்’ என்ற சொல்லையும் சோடியத்தையும் ஒட்டி, ஓர் இசை வடிவத்தின் பெயராக ஆக்கிவிட்டார்கள். வேக நியூட்ரான்களால் இயங்கி, உருகிய சோடியத்தால் குளிரும் உலை அது. நம் பொறியாளர்கள் அங்கே போய்ப் பயின்று வந்தார்கள். 1971-ல் கல்பாக்கத்தில் உலை ஆராய்ச்சி மையம் தொடங்கியது. எரிபொருளுக்கான செறிவூட்டிய யுரேனியம் பிரான்சிலிருந்து வரும் என்பது ஏற்பாடு.

1974 மே 18 அன்று பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. அதன்பின் அந்த யுரேனியம் வரவில்லை. உலை கட்டும் வேலை நடக்கிறது, அதில் போட எரிபொருள் இல்லை!

நம்மிடம் இருந்தது புளூட்டோனியம். அதை அதிக அளவில் ஆக்சைடாகச் சேர்த்தால் சோடியத்தோடு ஒத்துப்போகாது. எனவே கார்பைடைத் தேர்ந்தெடுத்தார்கள். 70 பங்கு புளூட்டோனியம் கார்பைடு, 30 பங்கு யுரேனியம் கார்பைடு. இப்படி ஒரு கலவையை முதன்மை எரிபொருளாக வைத்து உலகில் எந்த உலையும் ஓடியதில்லை. காற்றுப் பட்டால் தீப்பிடிக்கக்கூடிய பொருள். பம்பாய் டிராம்பேயில், மந்த வாயு நிரப்பிய பெட்டிகளுக்குள் கையுறை வழியாகக் கைவிட்டுச் செய்தார்கள். 1985 அக்டோபர் 18 அன்று உலை உயிர்பெற்றது.

புதிய பொருள் என்பதால் எச்சரிக்கையோடு ஓட்டினார்கள். ஒரு டன் எரிபொருளிலிருந்து 25,000 மெகாவாட்-நாள் அளவுக்கு மேல் வெப்பம் எடுப்பதில்லை என்று முதலில் வரம்பு வைத்தார்கள். எரிந்த கோல்களை வெளியே எடுத்து, தடித்த சுவருக்கு அப்பாலிருந்து அறுத்துச் சோதித்து, படிப்படியாக வரம்பை உயர்த்தினார்கள். கடைசியில் 1,65,000 வரை போனது.

இடையில் 1987-ல் ஒரு விபத்து. எரிபொருளை இடம் மாற்றும்போது உலைக்குள் ஒரு குழாய் வளைந்துவிட்டது. உருகிய சோடியத்துக்குள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கையும் விட முடியாது. வளைந்த குழாயைத் தூரத்திலிருந்தே வெட்டி எடுக்க அதற்கென்றே ஒரு கருவி செய்தார்கள். உலை மறுபடி ஓட ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின.

தெரசா அமபில் என்ற அமெரிக்க உளவியலாளர் பணியிடங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். போக வேண்டிய இடத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, போகும் வழியை வேலை செய்கிறவனிடமே விட்டால் புதுமை பிறக்கும் என்கிறார். வேலையிலேயே ஒரு சவாலும் சுவையும் இருக்க வேண்டும், தலைக்கு மேல் ஓயாத கண்காணிப்பு கூடாது என்பதும் அவர் கருத்து. கல்பாக்கத்தில் இலக்கு ஒன்றுதான்: உலை ஓட வேண்டும். வழி யாருக்கும் தெரியாது. மேலதிகாரியிடமும் விடை இல்லை. அந்த நிலையில் இளைஞன் சொல்வதையும் கேட்டுத்தானே ஆக வேண்டும்!

நாங்கள் இருந்த உலகம் வேறு. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஓர் இளநிலை உதவியாளர் இருந்தார். தன்பதிவேட்டில் ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்த்து, மனு யார் மேசையில் இருக்கிறது என்று குறித்து வைத்தால், முதியோர் பென்ஷனுக்கு நடையாய் நடக்கும் கிழவிகளுக்கு உடனே பதில் சொல்லலாம் என்று குறிப்பு எழுதி வைத்தார். கோப்பு ஒரே கேள்வியோடு திரும்பி வந்தது: “இதற்கு முன்னுதாரணம் உண்டா?” அதன்பின் அவர் பல வருடம் ஒழுங்காக வேலை பார்த்தார். யோசனை மட்டும் ஒன்றுகூடச் சொல்லவில்லை. கிழவிகள் நடந்துகொண்டேதான் இருந்தார்கள்.

முன்னுதாரணம் கேட்பது தவறென்று சொல்லமாட்டேன். நில ஆவணத்திலும் சம்பளப் பட்டியலிலும் அது இல்லாவிட்டால் ஆளுக்கொரு நியாயம் ஆகிவிடும். ஆனால் அதையே முதல் கேள்வியாகவும் கடைசிக் கேள்வியாகவும் கேட்கிற இடத்தில், நல்ல மூளை சத்தமில்லாமல் கதவை மூடிக்கொள்கிறது. யுரேனியம் சொன்னபடி வந்திருந்தால் கல்பாக்கத்திலும் பிரெஞ்சு வழியையே ஒழுங்காகப் பின்பற்றியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அந்த உலை தன் முழுத் திறனான 40 மெகாவாட் வெப்பத்தை எட்டியது 2022 மார்ச்சில். தொடங்கி 36 ஆண்டுகளுக்கு மேல்! அதுவரை பொறுத்திருந்தார்கள். யோசிப்பவனுக்கு வழியைத் திறந்து விட்டால் போதாது, அவகாசமும் கொடுக்க வேண்டும். இன்று பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் நிலையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஒன்றையாவது சொல்லி வைப்போம்.