ரோடு போடக் காசு, ரோட்டைப் பார்க்கக் காசு

மும்பைக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. ஜூன் மழை தொடங்கினால் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் நம்மவர் வீடுகளில் ஒரே புலம்பல்தான்: "போன மாசம் போட்ட ரோடு, இந்த மாசம் பள்ளம்!" நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் பி.காம் படித்த புத்தி பள்ளத்தோடு நிற்காதே! இந்த வேலையைச் சரிபார்த்தது யார், அவருக்குக் காசு கொடுத்தது யார் என்று தோண்டும்.

இந்த ஊரில் இது பழைய கேள்வி. 1865-இல் முனிசிபல் கமிஷனராக ஆர்தர் கிராஃபோர்டு வந்தார். (கிராஃபோர்டு மார்க்கெட் இவர் பெயரில்தான்.) ஊர் மாறியது, செலவும் எகிறியது. தடுக்க வேண்டிய 'ஜஸ்டிஸ்'கள் தடுக்கவில்லை. 1871-இல் வரி கட்டுபவர்கள் கொதித்தார்கள். ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை, அமைப்பை மாற்றுங்கள் என்று வாதாடினார் இளம் பாரிஸ்டர் பிரோஸ்ஷா மேத்தா. 1872 சட்டத்தில் 64 பேர் கொண்ட மாநகராட்சி வந்தது. அதில் பாதிப் பேரை வரி கட்டுபவர்களே தேர்ந்தெடுத்தார்கள்.

சரி, பணத்தைப் பார்க்க ஆள் வந்தாயிற்று. ரோட்டைப் பார்க்க? பில் சரியாக இருந்தாலும் அடியில் ஜல்லி எத்தனை அங்குலம் என்று லெட்ஜர் சொல்லாது. ரோட்டைத் துளைத்துத் துண்டு எடுத்து, லேபில் கனமும் பலமும் பார்க்க வேண்டும். அதற்குத் தனிச் செலவு. மும்பை மாநகராட்சியும் காசு கொடுத்து மூன்றாம் தரப்பு ஆய்வாளர்களை வைத்தது.

பிறகு 34 சாலைகளை விசாரித்துவிட்டு, 2016 ஏப்ரலில் மாநகராட்சியே போலீசுக்குப் போனது. புகாரில் 6 ஒப்பந்ததாரர்களோடு 2 ஆய்வு நிறுவனங்களும் இருந்தன. வேலிக்கும் காவல் தேவைப்பட்ட கதை!

நான் சிரிக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டுக் கடன். 'தளம் போட்டாயிற்று' என்று எஞ்சினியர் சான்றிதழ் வந்தது. நேரில் போகாமல் அடுத்த தவணைக்குக் கையெழுத்துப் போட்டேன். பிறகு போய்ப் பார்த்தால் வெறும் தூண்கள்தான் நின்றன. கடன் வாங்கியவர் பள்ளிக்கூட வாத்தியார். அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆய்வுக்குக் கட்டணம் கொடுத்தோம், ஆய்வை யாரும் ஆய்வு செய்யவில்லை.

2024-இல் கான்கிரீட் சாலைகளின் தரம் பார்க்க ஐஐடி பாம்பேயை மாநகராட்சி அமர்த்தியது. நல்லதுதான். ஆனால் கடைசிக் காவல் நாம்தான். 2005 தகவல் உரிமைச் சட்டப்படி அறிக்கையை மட்டுமல்ல, அரசு வேலையையே நேரில் பார்வையிடலாம், பொருளின் மாதிரியும் கேட்டு வாங்கலாம். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.

நாம் கட்டும் வரிக்கு மேலே ஒரு பத்து ரூபாய். அடுத்த மழைக்கு முன்னால் உங்கள் தெருவுக்கு ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்.