வீட்டுமுறை மின்னியற்றி

வீட்டுமுறை மின்னியற்றி என்பது காற்று, ஓடும் நீர், மிதிவிசை ஆகியவற்றுள் ஒன்றால் சுழற்றப்படுவதும், பெரும்பாலும் பழைய உறுப்புகளைக் கொண்டு தனியொருவரோ ஒரு சிற்றூரோ அமைத்துக்கொள்வதுமான சிறு மின்னியற்றி ஆகும். இறக்கைகளை மரத்திலோ நெகிழிக் குழாயிலோ வெட்டிக்கொள்ளலாம். சட்டத்தை ஊர்ப் பட்டறையில் பற்றவைத்துக்கொள்ளலாம். செப்புச் சுருளும் காந்தப்புலமும் கொண்ட மின்பகுதியே விலை கூடியது. எனவே அதனை மலிவாகப் பெறும் வழியே இம்முயற்சியின் வெற்றி தோல்வியைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

மிதிவண்டித் தைனமோ

மிகவும் மலிவானது இதுவே. பொதுவாக 6 வோல்ட்டு, 3 வாட்டு அளவுள்ள மாறுமின்னோட்டத்தைத் தரும். மலாவி நாட்டில், பள்ளிக் கட்டணம் செலுத்த இயலாமல் படிப்பை இடையில் நிறுத்திய வில்லியம் கம்குவாம்பா என்ற சிறுவர், நூலகத்தில் கண்ட நூலொன்றின் துணையுடன் 2002 ஆம் ஆண்டில் காற்றாலை ஒன்றை அமைத்தார். அதில் மிதிவண்டிச் சட்டம், இழுவை இயந்திரத்தின் விசிறி, நெகிழிக் குழாயில் வெட்டிய இறக்கைகள் ஆகியவற்றுடன் இத்தகைய தைனமோவே பயன்பட்டது. யாழ்ப்பாணத்தில் 1990களில் மின்வழங்கல் நின்று, மின்கலங்களும் கிடைக்காதிருந்த காலத்தில், மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி மக்கள் வானொலிச் செய்தி கேட்டனர். வானொலிக்கும் ஒரு சிறு விளக்குக்கும் மேல் இதனிடம் எதிர்பார்க்கலாகாது.

தானுந்து ஆல்டர்னேட்டர்

பழைய வண்டி உதிரிக் கடைகளில் (சென்னையில் புதுப்பேட்டை போன்ற இடங்களில்) எளிதாகக் கிடைக்கும். மின்திருத்திகளும் மின்னழுத்தச் சீராக்கியும் உள்ளேயே இருப்பதால் 12 வோல்ட்டு மின்கல அடுக்கை நேரடியாக மின்னேற்றலாம். எனினும் இது நிமிடத்திற்கு ஆயிரம் சுற்றுகளுக்கு மேல் சுழன்றால்தான் பயன்தரும். சுழலியின் காந்தப்புலத்தை உண்டாக்கவே சில ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். மெதுவாகச் சுழலும் காற்றாலையில் இதனைப் பொருத்திப் பலர் ஏமாந்துள்ளனர்.

தூண்டல் மின்னோடி

நீரேற்றி, மாவரைக்கும் இயந்திரம் முதலியவற்றை ஓட்டும் சாதாரண மும்முனைத் தூண்டல் மின்னோடியை மின்னியற்றியாகவும் பயன்படுத்தலாம். சுழலியில் சுருளோ தூரிகையோ இல்லாததால் தேய்வது தாங்குருளை மட்டுமே. 50 ஏர்ட்சு மின்வழங்கலில் 4 துருவ மின்னோடியின் ஒத்தியங்கு வேகம் நிமிடத்திற்கு 1500 சுற்றுகள். மின்னோடியாக இயங்குகையில் ஏறத்தாழ 1440 சுற்றுகளில் சுழல்வது, மின்னியற்றியாக ஏறத்தாழ 1560 சுற்றுகளில் சுழற்றப்படல் வேண்டும்.

இதனுள் நிலைக்காந்தம் இல்லை. சுழலியின் இரும்பில் எஞ்சியிருக்கும் சிறு காந்தத்தன்மை ஒரு சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கும். சுருள்களுக்கு இணையாக மின்தேக்கிகள் இணைக்கப்பட்டிருந்தால் அவற்றின் மின்னோட்டம் காந்தப்புலத்தை வலுவூட்டும். அதனால் மின்னழுத்தம் மேலும் உயரும். இரும்பு காந்தச் செறிவை அடையும்போது இவ்வுயர்வு நிற்கும். பாசெட், பாட்டர் ஆகியோர் 1935 ஆம் ஆண்டில் இம்முறையை ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினர். எஞ்சிய காந்தத்தன்மை முற்றிலும் மறைந்துவிட்டால், நின்ற நிலையில் ஒரு சுருளில் 12 வோல்ட்டு மின்கலத்தைச் சில நொடிகள் இணைத்தெடுப்பது போதும்.

இலங்கை மலைநாட்டில் 1990கள் முதல் அமைக்கப்பட்ட கிராம நீர்மின் திட்டங்கள் பலவற்றில் இம்முறை கையாளப்பட்டது. அங்கு விசையாழியின் நீரோட்டத்தைக் கூட்டிக் குறைப்பதில்லை. வீடுகள் பயன்படுத்தாத மின்திறனை ஒரு கட்டுப்படுத்தி வெப்பச்சுருளுக்குத் திருப்பிவிடும். இது விலையுயர்ந்த நீர்க்கட்டுப்பாட்டுக் கருவியைத் தவிர்க்கிறது.

மின்தேக்கிகள்

கடையில் கண்டென்சர் என்று கேட்பதே நல்லது. மாறுமின்னுக்குரிய, 400 வோல்ட்டு அல்லது அதற்கு மேல் தாங்கும் ஓட்ட வகையே தேவை. தொடக்க வகை மின்பகு மின்தேக்கி விலை குறைவாயிருப்பினும் தொடர்ந்து இயங்கினால் வெடிக்கக்கூடும்.

தேவையான அளவை அறிய, மின்னோடியைச் சுமையின்றி ஓட்டி மின்னோட்டத்தை அளக்கவேண்டும். காட்டாக, டெல்டா இணைப்பில் 230 வோல்ட்டில் அது 4 ஆம்பியர் எனில், ஒரு சுருளுக்குரிய எதிர்வினைத் திறன் 230×4÷√3, அதாவது ஏறத்தாழ 531. இதனை மின்னழுத்தத்தின் இருமடியாலும் 314 ஆலும் வகுத்தால் ஏறத்தாழ 32 மைக்ரோபாரடு கிடைக்கும். கூரை விசிறியின் 2.5 மைக்ரோபாரடு மின்தேக்கிகளாயின் ஒரு சுருளுக்கு 13 வேண்டும். அதைவிட ஒருமுனை நீரேற்றிகளின் பெரிய மின்தேக்கியை வாங்குவதே சிக்கனம்.

வீடுகளுக்கு ஒருமுனை மின்சாரமே போதுமெனில், ஒரு சுருளுக்கு 32, மற்றொன்றுக்கு 64 என இணைத்து, மூன்றாவதை வெறுமையாக விட்டு, 32 உள்ள சுருளில் சுமையை இணைப்பர். இவ்வகையில் மின்னோடியின் அளவிடப்பட்ட திறனில் ஏறத்தாழ 80 விழுக்காடு வரை பெறலாம். சுழலும் திசை மாறினால் சுருள்கள் சமமின்றிச் சூடேறும். அப்போது இரட்டை மின்தேக்கியை மூன்றாம் சுருளுக்கு மாற்றவேண்டும்.

பழைய மின்னோடியைத் தேர்தல்

முதலில் பெயர்த்தகட்டைப் படிக்கவேண்டும். தமிழ்நாட்டில் கிடைக்கும் சிறு மின்னோடிகள் பல 415 வோல்ட்டு ஸ்டார் இணைப்பு கொண்டவை. ஆறு முனைகளும் வெளியே இருந்தால் அவற்றை டெல்டாவாக மாற்றி 240 வோல்ட்டு பெறலாம். 415 வோல்ட்டு டெல்டா எனக் குறித்தது இதற்கு உதவாது. மலிவு என்று வாங்கிவிட்டுப் பின்னர் மறுசுற்றுக்குக் கொடுப்போர் இருமடங்கு செலவழிக்கின்றனர். மூன்று சுருள்களின் மின்தடை சமமாகவும், சுருளுக்கும் உடலுக்கும் இடையே காப்புத் தடை குறைந்தது 1 மெகாஓம் ஆகவும் இருத்தல் வேண்டும். கருகிய வார்னிசு வாடை வீசுவதை விட்டுவிடலாம். தாங்குருளை இரைச்சலிடுவது குறையன்று; அது எளிதில் மாற்றக்கூடியது, பேரம் பேசவும் உதவும்.

நிலைக்காந்தங்கள்

1980களில் அறிமுகமான நியோடிமியக் காந்தங்களால் மெதுவேக மின்னியற்றிகளைக் கையால் செய்வது இயன்றது. இசுக்காட்லாந்தின் இசுக்கோரைக்கில் வாழ்ந்த ஹியூ பிகாட் இவற்றைத் தட்டுகளில் பதிக்கும் வடிவமைப்பைப் பரப்பினார். சுழலும் பகுதிக்குப் பழைய வண்டிச் சக்கரத்தின் அச்சுக்குடம் பயன்படும். காந்தங்களைப் புதிதாகவே வாங்கவேண்டும்.

பாதுகாப்பு

சுமை திடீரென நீங்கினால் விசையாழி வேகமெடுத்து மின்னழுத்தம் மிகும். விளக்குகளும் மின்தேக்கிகளும் பழுதாகும். குறுக்குச்சுற்று நேர்ந்தால் தூண்டல் மின்னியற்றி கிளர்வை இழந்து தானே அடங்கிவிடும். ஆகையால் உருகி உருகாமலே போகலாம். நின்ற பின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் இருக்கக்கூடும் என்பதால் அவற்றுக்கு இணையாக மின்தடை பொருத்துவர். பொது மின்கம்பியுடன் இணைந்த வீட்டுச் சுற்றில் இவற்றை ஒருபோதும் செருகலாகாது. மின்தடையின்போது கம்பத்தில் ஏறிப் பணிபுரிபவரை இம்மின்சாரம் மின்மாற்றி வழியே உயரழுத்தமாகச் சென்று தாக்கும். இரண்டில் ஒன்று மட்டுமே இணையும் மாற்றுச்சாவி இதற்குத் தேவை.