செவிவழி வந்த செய்யுட் கல்வி

யாம் புலவரல்லேம், இரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கின்றோம். படிப்பும் பள்ளியிறுதித் தேர்வோடு நின்றது. எனினும் இம்மலருக்கு அணியையும் தொடையையும் பற்றி எழுதத் துணிந்தமைக்கு எம் மகள் கேட்ட வினாவே காரணமாகும்.

பள்ளியின் இந்திப் பாடத்தில் அனுப்பிராசம், யமகம், உபமை, ரூபகம் என்னும் அலங்காரங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள், “தமிழிலேயும் இதெல்லாம் உண்டா அப்பா?” என்றாள். உபமை நம் உவமை; ரூபகம் உருவகம்; யமகம் மடக்கு; அனுப்பிராசத்திற்கு நெருங்கிய உறவு மோனை என்று விடையிறுத்தோம். அவள் வியந்தாள், யாமோ நாணினோம். நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஈராண்டு பாடம் சொல்லியும் எம் மகளுக்கே இஃது எட்டவில்லையே!

குறை எம்முடையதே. இலக்கணத்தைக் கரும்பலகையில் முதலில் எழுதினோம். எடுத்துக்காட்டைப் பின்னர்ச் சொன்னோம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் அதனைப் பார்த்தெழுதிக்கொண்டு, அடுத்த வாரம் வாராதொழிந்தனர். 14 பேர் 5 பேராயினர். முன்னோர் இவற்றை எவ்வாறு கற்பித்தனர் என்று அதன் பின்னரே தேடலுற்றோம்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் 7ஆம் இயல் உவமவியல். 8ஆம் இயல் செய்யுளியல். தொழில், பயன், வடிவு, நிறம் என்னும் நான்கின் அடியாக உவமை பிறக்கும் என்பது தொல்காப்பியர் துணிபு. புலி போலப் பாய்ந்தான் என்பது தொழில். மழை போல வழங்கினான் என்பது பயன். துடி போன்ற இடை வடிவு. பவளம் போன்ற வாய் நிறம். இந்நான்கையும் வினாவாகக் கொண்டால் சிறுவனும் உவமையை ஆராயலாம். செய்யுளியலோ மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை என்னும் தொடைகளைக் கூறிற்று.

வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்தில் புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியம் அலங்காரத்தை இலக்கணத்தின் ஐந்தாம் உறுப்பாக வைத்தது. 12ஆம் நூற்றாண்டில் தண்டியலங்காரம் தோன்றிற்று. அதன் முதனூலாகிய காவ்யாதர்சம் வடமொழி நூலேயாயினும், அதனை இயற்றிய தண்டி காஞ்சிப் பல்லவரோடு தொடர்புடையவர். ஆகவே எம் மகள் கற்ற உபமைக்கும் நம் உவமைக்கும் காஞ்சியே சந்திப்பு நிலையம் எனலாம்.

ஏட்டில் இருந்தது செவியில் ஏறியது எவ்வாறு? அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை, எடுத்துக்காட்டுப் பாடல்களின் முதற்சொற்களைத் தொகுத்து, அவற்றையும் செய்யுளாகவே தந்தது. முதற்சொல் நினைவிற்கு வந்தால் பாடலும், பாடல் வந்தால் இலக்கணமும் உடன் வரும். காரிகை கற்பதினும் பேரிகை கொட்டுவது மேல் என்று நகையாடிய பழமொழியும், காரிகை, பேரிகை என்னும் எதுகையாலன்றோ நிலைத்தது!

இதனினும் எம்மை வியப்பித்தது சூடாமணி நிகண்டு. அதன் 11ஆம் தொகுதியில் சொற்கள் முதலெழுத்து வரிசையில் இல்லை; இரண்டாம் எழுத்தாகிய எதுகை வரிசையில் உள்ளன. எதுகை அறியாத மாணாக்கன் அதில் சொல்லைத் தேடவும் இயலாது. வீரமாமுனிவர் 1732இல் அகர வரிசையில் சதுரகராதி அமைத்தபோதும், அதன் நான்காம் பகுதியைத் தொடைக்கென்றே ஒதுக்கினார். எனவே முன்னோர்க்கு ஓசை வெறும் அழகன்று; கல்வியைச் சேமித்து வைக்கும் களஞ்சியத்தின் திறவுகோல் ஆகும்.

இதனை உணர்ந்தபின் வகுப்பின் முறையை மாற்றினோம். பலகையைத் துடைத்துவிட்டு, “பாலம்” என்றோம். “காலம்” என்றான் ஒருவன். “நீலம்” என்றாள் ஒருத்தி. மற்றொருவன் “பலம்” என்றான். எல்லோரும் சிரித்தனர். ஏன் சிரித்தீர்கள் என்று வினவினோம். “அது குட்டையா இருக்கு மாமா” என்றாள் ஒரு சிறுமி. இரண்டாம் எழுத்து ஒன்றினும், முதலெழுத்தின் அளவு ஒத்தல் வேண்டும் என்னும் எதுகை விதியை அக்குழந்தை எழுத்தறியாமலே கண்டுகொண்டாள்! அதன் பின்னரே எதுகை என்னும் பெயரைச் சொன்னோம். மலர்முகம் உவமை, முகமலர் உருவகம் என்பதையும் அவ்வாறே விளையாட்டாகக் காட்டினோம். இப்பொழுது 11 பேர் வருகின்றனர்.

அன்பர்களே! பிறமொழி சூழ்ந்த இவ்வூரில் நம் மக்கட்குத் தமிழெழுத்து அயலாயினும், தமிழ்ச் செவி இன்னும் அயலாகவில்லை. வீட்டிலுள்ள பாட்டிமாரையும் தாத்தாமாரையும் ஒரு ஞாயிறேனும் வகுப்பிற்கு அழைத்து வாருங்கள். அவர்கள் வாயிலுள்ள விடுகதையும் பழமொழியுமே நம் முதற் பாடநூல். செவி திறந்திருக்கும் பருவத்திலேயே அதனைப் புகட்டுவோமாக.