ஆச்சி கையில் புற்று மண்

சங்கரன்கோவிலில் கோமதி அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் புற்று மண் வாங்காமல் வீடு திரும்பியவர் எங்கள் தெருவில் கிடையாது. ஆச்சி அதைச் சுருக்குப் பையில் முடிந்து வைத்திருப்பாள். படையோ சிரங்கோ கட்டியோ, எதுவானாலும் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மண், இரண்டு சொட்டுத் தண்ணீர், விரலால் ஒரு குழைப்பு. பூசிய மண் காய்ந்ததும் கோடைக் கண்மாய் போலப் பாளம் பாளமாக வெடிக்கும். "பிய்க்காதலே, தானா விழணும்" என்பாள்.

இந்த வழக்கம் தலபுராணத்தோடு ஒட்டியது. சங்கன், பதுமன் என்ற நாக அரசர்கள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வாதாட, அம்பாள் தவமிருந்து இருவரையும் சங்கரநாராயணராக ஒரே உருவில் தோன்றச் செய்தாள். அதுதான் ஆடித்தபசு. புன்னைவனக் காவலாளி புற்றை வெட்டியபோது பாம்பின் வால் வெட்டுப்பட்டதாகவும், பக்கத்திலேயே லிங்கம் தெரிந்ததாகவும், உக்கிரபாண்டியன் அங்கே கோயில் எழுப்பியதாகவும் சொல்வார்கள். அதனால்தான் இங்கே புற்று மண் பிரசாதம். பாம்பு, தேள், கை, கால் உருவம் பொறித்த தகடுகளை வாங்கி உண்டியலில் போடுவதும் இங்கே வழக்கம்.

சித்த மருத்துவமும் புற்று என்ற சொல்லை விடவில்லை. கன்னப்புற்று, லிங்கப்புற்று என்று அரித்துப் பரவும் நோய்களுக்குப் பெயர் வைத்தது. கரையான் உள்ளே வேலை பார்த்த பிறகுதான் மேலே மண் எழும்பும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் வைத்த பெயர் அது.

ஆச்சியின் முன்கையில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி எழும்பியது. வலி இல்லை. ஒரு வருஷம் மண் பூசினாள். எலுமிச்சை அளவுக்கு வந்ததும் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் வெட்டி எடுத்து, "கொழுப்புக் கட்டிதான்" என்று சொல்லித் தூக்கி எறிந்துவிட்டார்கள். பயாப்சிக்கு அனுப்பவில்லை. இருபது வருஷம் பேத்தாலஜி லேபில் வேலை பார்த்த எனக்கு இன்றும் ஆறாதது அதுதான். கோயிலில் உண்டியல் திறந்தால் கை உருவம் போட்ட தகட்டைக்கூட எண்ணி எடுத்து வைக்கிறார்கள். அவள் கைச் சதையை ஒருவரும் எடுத்து வைக்கவில்லை.

இரண்டு வருஷத்தில் அதே தழும்பில் மறுபடியும் கட்டி. இந்த முறை பார்மலினில் போட்டு அனுப்பினோம். 2004-இல் வந்த ரிப்போர்ட்டில் மயோஎபிதீலியல் கார்சினோமா என்றிருந்தது. வேர்வைச் சுரப்பிகளை வெளியே இருந்து கூடைபோல அணைத்து, சுருங்கி, வேர்வையைப் பிதுக்கித் தள்ளும் செல்கள் உண்டு. பாதி தசை, பாதி தோல் என்று சொல்லலாம். சாயம் போட்டால் இரண்டின் அடையாளமும் ஒரே செல்லில் தெரியும். அரிதாக அதிலிருந்தே புற்று கிளம்புகிறது. சில சமயம் சுரப்பியே இல்லாத மென்திசுவிலும் வருகிறது. ஸ்லைடைப் பார்த்ததும் வலப்பக்கம் சடையும் இடப்பக்கம் கிரீடமுமாக நிற்கும் எங்கள் சங்கரநாராயணர்தான் என் நினைவுக்கு வந்தார்.

எச்சில் சுரப்பிக் கட்டிகளுக்கு மயோஎபிதீலியோமா என்ற பெயர் 1943-லேயே வந்துவிட்டது. மென்திசுவில் வருபவற்றை ஹார்னிக், பிளெட்சர் என்ற பேத்தாலஜிஸ்டுகள் இருவரும் 101 பேரிடம் திரட்டி எழுதியது 2003-இல்தான். செல்லின் உட்கரு கோரமாக இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு அருகில் நோய் வேறு இடங்களுக்குப் பரவியிருந்தது. ஆச்சிக்கு நுரையீரலில்.

அதற்கு வெகுகாலம் முன்பே, எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சோமர்வெல் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் ரேடியம் வைத்து வாய்ப்புற்றுக்கு வைத்தியம் பார்த்தார். தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார், 12 படுக்கைகளோடு. ஆச்சிக்கு இந்தப் பெயர்களெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கட்டியை முதலில் யாரிடம் காட்ட வேண்டும் என்பதுதான். அவள் மறைக்கவில்லை. புற்று மண் பூசிய கையை ஊரே பார்த்தது.

போன ஆடித்தபசுக்குப் போயிருந்தேன். மண் வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அக்கா, புறங்கையில் கொட்டைப்பாக்கு அளவு வீக்கம். "வலிக்குதாக்கா?" என்றேன். "இல்லண்ணே, ஆறு மாசமா அப்படியே இருக்கு" என்றார். நானும் மண்ணை வாங்கிக்கொண்டு, கோயிலின் நாகசுனைப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பயாப்சி என்ற சொல்லை அவர் திருப்பிச் சொல்லும்வரை சொல்லிக்கொடுத்தேன்.